மூட்டை இறக்குறதுக்கு முன்னாடி மளிகைக் கடைக்குப் போங்க

உணவு உதவி, நிவாரணம், விவசாயிகள் குழு, சேமிப்புக் குழுன்னு பல பேர்ல ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கவன் நான். பெரிய பதவியெல்லாம் ஒண்ணும் இல்ல. லிஸ்ட் எழுதுறது, குடோன் சாவி வச்சுக்கிறது, லாரி வரலன்னா டிரைவருக்கு போன் அடிச்சு அவர்கிட்டயே திட்டு வாங்கிக்கிறது, இந்த மாதிரி வேலைதான். புதுசா இந்த லைனுக்கு வர்ற பசங்க வந்த உடனே கேக்குறது, "அண்ணே, எத்தன மூட்டை வேணும்?" அத அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த ஊர்ல இருக்க மளிகைக் கடைக்குப் போய்ட்டு வாங்கடான்னு அனுப்பிருவேன். சில பேர் டீ வாங்கத்தான் அனுப்புறேன்னு நெனச்சுக்கிட்டுப் போவாங்க.

கடையில பாக்க வேண்டியது கொஞ்சம்தான். ரேக்ல சரக்கு இருக்கா, இருக்கது எத்தன நாளைக்கு வரும், தீர்ந்துபோச்சுன்னா மறுபடி லோடு வர எத்தன நாளாகும், மொத்த வியாபாரி கடைக்காரருக்கு இன்னும் கடன் தர்றாரா இல்ல கையில காசு வச்சாதான் சரக்குன்னு சொல்லிட்டாரா. இதெல்லாம் கேட்டு முடிச்சு கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம், கடன் நோட்டப் பத்திக் கேளுங்க, வெள்ளத்துக்கோ வறட்சிக்கோ முன்னாடி எவ்ளோ பாக்கி இருந்துச்சு இப்போ எவ்ளோன்னு. ரேக் நெறஞ்சு கிடக்கு, கடன் நோட்டும் நெறஞ்சு கிடக்குன்னா அந்த ஊர்ல சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்ல, காசுக்குத்தான் பஞ்சம். ரேக் காலி, ஆனா மொத்த வியாபாரி குடோன்ல சரக்கு இருக்குன்னா பாலமோ ரோடோ போயிருக்கும், அதச் சரி பண்ண ஆளும் மிஷினும் வேணும். மொத்த வியாபாரிகிட்டயும் இல்லன்னாதான் வெளியேர்ந்து மூட்டை வரணும். இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேற, ஆனா நம்ம ஆளுங்க மூணுக்கும் மூட்டையத்தான் தூக்கிட்டு ஓடுறாங்க, ஏன்னா மூட்டையோட நின்னாதான் போட்டோ நல்லா வரும்.

நானா கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல இது. 1943ல வங்காளத்துல பஞ்சம் வந்தப்போ அமர்த்தியா சென் சின்னப் பையன், நேர்ல பாத்தவர். பின்னாடி பொருளாதார நிபுணரா அந்தக் கணக்கையெல்லாம் தோண்டிப் பாத்துட்டு, அந்த வருஷம் தானியம் ஒரேடியாக் காணாமப் போயிடல, கூலிக்காரங்க, மீன் பிடிக்கிறவங்க இவங்களோட வருமானத்தால ஏறுன விலையத் தொட முடியல, அதனாலதான் லட்சக்கணக்குல செத்தாங்கன்னு காட்டினார். 1974 வங்கதேசப் பஞ்சம் இன்னும் மோசமான உதாரணம், அந்த வருஷம் தலைக்குக் கிடைச்ச உணவு அக்கம்பக்கத்து வருஷங்கள விடக் கூடதான் இருந்துச்சு, ஆனா வெள்ளத்துல வயல் வேலை போச்சு, வேலை போனதும் கூலி போச்சு, கூலி இல்லாதவன் வீட்டுக்குள்ள தானியம் எப்படி வரும்? 1998ல அவருக்கு நோபல் கிடைச்சுது. ஆனா இந்த விஷயம் நெறைய குடோன் பொறுப்பாளருங்க காதுக்கு இன்னும் போய்ச் சேரல.

சரி, காசுதான் பிரச்சனைன்னா காசையே குடுத்துடலாமேன்னா உடனே ரெண்டு பயம் வரும், குடிச்சு அழிச்சுருவாங்க, இல்லன்னா ஊர்ல விலை ஏறிரும். நானும் இந்தப் பேச்சைக் கேக்காத மீட்டிங் கிடையாது. ரெண்டாவது பயத்துக்கு நல்ல பதில் கென்யாவுல கிடைச்சுது. சியாயா மாவட்டத்துல 10,000க்கும் மேல ஏழைக் குடும்பங்களுக்கு, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 1,000 டாலர் எந்தக் கண்டிஷனும் போடாமக் குடுத்தாங்க. பக்கத்துல குடுக்காத கிராமங்களையும் சேத்து 653 கிராமத்துக் கணக்க ஆராய்ச்சியாளருங்க எடுத்தாங்க. விலைவாசி ஏறுனது ஒரு சதவீதம்கூட இல்ல. குடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்துக்குள்ளயே சுத்தி சுமார் இரண்டரை டாலர் அளவுக்கு வேலை செஞ்சுது, காசு வாங்காத வீட்டுக்காரங்க செலவு பண்றதும் கூடுச்சு, ஏன்னா வாங்குனவங்க அதக் கொண்டுபோய் அக்கம்பக்கத்துக் கடையிலயும் கொத்தனார்கிட்டயும் தையக்காரங்ககிட்டயும்தானே குடுத்தாங்க.

ஆனா இதப் படிச்சுட்டு எல்லா எடத்துலயும் காசுதான் பெஸ்ட்டுன்னு கெளம்பிடாதீங்க. ரோடு துண்டிச்ச எடத்துல, கடையில பத்து மூட்டைதான் இருக்குங்கிற எடத்துல காசக் குடுத்தா அந்தப் பத்து மூட்டை விலைதான் ஏறும். இன்னொரு நடைமுறைச் சிக்கல், போன்ல பணம் அனுப்புறது. கென்யாவுல 2007ல எம்பெசாங்கிற போன் பணச் சேவை வந்ததுலேர்ந்து பல நாடுகள்ல இது ரொம்ப ஈஸியாயிடுச்சு, ஒத்துக்கிறேன், ஆனா பணம் அனுப்புற அன்னிக்கு அந்த ஊர் ஏஜென்ட் கையில ரொக்கம் இருக்கான்னு யாராவது முந்தின நாளே கேக்கணும். ஊரே ஒரே நாள்ல வந்து நின்னா மதியத்துக்குள்ள அவர் கல்லா காலி, அப்புறம் வந்தவங்ககிட்ட "நாளைக்கு வா"ன்னுதான் சொல்வார், நடந்து வந்த பாட்டிக்கு நாளைக்கு வர்றதுன்னா இன்னொரு நாள் கூலி போச்சு. ஊர் ஊராப் பிரிச்சு வேற வேற நாள்ல அனுப்புங்க. அப்புறம் அந்த போன் யார் பேர்ல இருக்கு, ரகசிய நம்பர அட்டையிலயே எழுதி ஏஜென்ட் கையில குடுத்து வச்சிருக்காங்களா, அதையும் பாருங்க. நெறைய வயசானவங்க அப்படித்தான் குடுத்து வச்சிருக்காங்க.

மூட்டையே குடுக்க வேண்டிய நெலமைன்னு வச்சுக்குவோம். அப்பவும் கணக்கு இருக்கு. நிவாரண வேலைக்கு ஸ்பியர்னு ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி, 15 லிட்டர் தண்ணி, தண்ணிக் குழாய் 500 மீட்டருக்குள்ள, வரிசையில நிக்கிறது அரை மணிக்குள்ள முடியணும்னு. 2,100 கலோரிக்கு வழக்கமா போடுற பட்டியல் தலைக்கு தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், மீதிய சத்துமாவும் சக்கரையும் வச்சு நெரப்புவாங்க. எண்ணெயக் கொறச்சு தானியத்த ஏத்திடலாம், செலவு மிச்சம்னு ஒருத்தராவது சொல்வார், விட்டுக்குடுக்காதீங்க, அந்த 25 கிராம் எண்ணெய்ல 200க்கு மேல கலோரி இருக்கு, சின்னப் புள்ளைங்க வயித்துல அவ்ளோ தானியத்துக்கு எடமும் கிடையாது.

இப்ப 400 கிராமை மாசத்துக்குப் பெருக்குங்க, 12 கிலோ. அஞ்சு பேர் குடும்பம்னா 60 கிலோ. தானியம் மட்டுமே அவ்ளோ. மாசத்துக்கு ஒரு தடவை ஒரே எடத்துல வச்சுக் குடுத்தா நமக்கு வேலை மிச்சம், ஆனா புருஷன் வெளியூர் போயிட்ட, கைக்குழந்தை வச்சிருக்க பொம்பளை 60 கிலோவ எப்படித் தூக்கிட்டுப் போவா? ஒரு பையனுக்குக் கூலி தரணும், அந்தக் கூலிய எதுல தருவா, வாங்குன தானியத்துலேர்ந்துதான் ரெண்டு படி அளந்து தருவா. மேல ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதுறப்போ "பயனாளிகள் பொருளை விற்கிறார்கள்"னு எழுதிருவாங்க. விக்கத்தான் செய்றாங்க, ஏன்னா சோப்பு வாங்கணும், முழு தானியத்த அரைக்கணும், மாத்திரை வாங்கணும், புள்ளைக்கு நோட்டு வாங்கணும். ஜனங்க எதை விக்கிறாங்க, வித்த காசுல எத வாங்குறாங்கன்னு சந்தையில ஒரு ரவுண்டு போய்ப் பாத்தாலே நம்ம லிஸ்ட்ல எது இல்லன்னு தெரிஞ்சுரும். அத குத்தமாப் பாக்குறவங்க கூட எனக்கு எப்பவும் வாய்ச்சண்டைதான்.

ஒரு தடவை ஒரு பெரியம்மா டோக்கனக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்ட கேட்டாங்க, "தம்பி, பருப்பு குடுக்குறீங்க சரி, இது வேகுறதுக்குள்ள எனக்கு வெறகு தீர்ந்துருமே, வெறகு யாருப்பா தருவா?" அந்தப் பக்கம் மரமே கெடையாது, வெறகுக்கு அரை நாள் நடக்கணும், போற வழியும் பொம்பளைங்களுக்குப் பத்திரம் இல்ல. அதுக்கப்புறம் எந்த லிஸ்ட் போட்டாலும் நான் பக்கத்துலயே ரெண்டு கட்டம் சேத்து எழுதிருவேன், எரிக்க என்ன, கழுவ எவ்ளோ தண்ணி. உடைச்ச பருப்பா குடுத்தா வேகுற நேரம் பாதி, ஊறவச்சா இன்னும் கம்மி, சரியா மூடுற மூடி இருந்தாக்கூட வெறகு மிச்சமாகும். இதுக்கெல்லாம் பெரிய திட்டம் ஒண்ணும் வேண்டியதில்ல, கொள்முதல் பண்றவர் ஒரு நாள் அங்க வந்து சமைச்சுப் பாத்தாப் போதும்.

குடுக்குற எடத்துல கடைப்பிடிக்கிற சில விஷயங்கள வேகமா சொல்லிடறேன். ஒரு குடும்பத்துக்கு எவ்ளோன்னு பெரிய எழுத்துல, படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் போட்டு, வாசல்லயே தொங்க விடுங்க, அப்பதான் "எனக்கு ஒரு கப்பு கொறையுது"ன்னு யார் வேணா கேக்க முடியும். அளக்குற பாத்திரத்த எல்லாரும் பாக்குற மாதிரி தராசுல ஒரு தடவை வச்சுக் காட்டுங்க. வயசானவங்க, மாசமா இருக்கவங்க, மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்குத் தனி வரிசை. பெயர் லிஸ்ட்ட ஊர்த் தலைவர் மட்டும் எழுதக் கூடாது, எழுதினத ஊருக்கு நடுவுல சத்தமா வாசிச்சு யார் விட்டுப்போச்சுன்னு கேளுங்க, அந்தக் கூட்டத்துல வாயத் தொறக்காத தெரு எதுன்னு பாத்து வச்சுக்கிட்டு மறுநாள் நீங்களே அங்க போங்க. புகார் சொல்ற எடம் மூட்டை குடுக்குற ஆளோட மேசையா இருந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

சின்னக் கொழந்தைங்க விஷயத்துல மட்டும் நம்ம அறிவ நம்பாதீங்க. ஆறு மாசத்துக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள இருக்க புள்ளைக்கு மேல்கை நடுவுல டேப் சுத்திப் பாத்தா 115 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, டேப்ல செவப்பு காட்டும், உடனே சுகாதாரப் பணியாளர்கிட்ட கொண்டு போகணும். அந்தப் புள்ளைக்கு நாம பாசத்துல நெறைய சாப்பாடு ஊட்டினா ஒடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்தாகும். இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னே 1990கள்ல பிரான்ஸ்ல ஆந்த்ரே பிரியாண்ட்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் வேர்க்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சக்கரை, வைட்டமின் எல்லாம் கலந்து 92 கிராம் பாக்கெட்டாக் கொண்டு வந்தாங்களே, பிளம்பிநட், ஒரு பாக்கெட் 500 கலோரி, அதோட பெருமையே தண்ணி கலக்க வேண்டாங்கிறதுதான், ஏன்னா அழுக்குத் தண்ணியில பால் பவுடர கலக்கிக் குடுத்துத்தான் பல எடத்துல புள்ளைங்களுக்கு பேதி வந்துச்சு.

இப்ப விவசாயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் புடிச்சதும் ரொம்பக் கோவம் வர்றதும் இங்கதான்.

வெளியேர்ந்து வர்ற இலவச தானியம் அறுவடை நேரத்துல வந்து எறங்குச்சுன்னா உள்ளூர் விவசாயி பொழப்பு போச்சு. அவன் வயல்ல வெளஞ்சத வாங்க ஆள் இல்ல, கடன் கட்ட முடியல, அடுத்த பருவத்துக்கு விதைக்கிற நிலத்தக் கொறச்சுக்குவான். ஹெய்ட்டிய பாருங்க, 1990கள்ல அரிசி இறக்குமதி வரிய தடாலடியாக் கொறச்சாங்க, அமெரிக்காவுல மானியத்துல வெளஞ்ச அரிசி வந்து குவிஞ்சுது, உள்ளூர்ல நெல்லு போட்டவங்க தாக்குப்பிடிக்க முடியாம நகரத்துக்குப் போனாங்க. 2010 நிலநடுக்கத்துக்கு அப்புறம் அந்த வரிக் குறைப்பு நடந்தப்போ அமெரிக்க அதிபரா இருந்து அதுக்குத் துணை போன பில் கிளின்டனே அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி உக்காந்து அது தப்பு, தன்னோட சொந்த மாநிலமான ஆர்கன்சாஸ் விவசாயிகளுக்கு நல்லதா இருந்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு ஒதவலன்னு ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்டா நெல்லு வயல் திரும்பி வந்துருமா, அது வேற.

அதனால முடிஞ்ச வரைக்கும் பக்கத்துலயே வாங்குங்கன்னு சொல்றது. பிரேசில்ல 2009ல ஒரு சட்டமே போட்டாங்க, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்கு சிறு குடும்ப விவசாயிகள்கிட்டதான் வாங்கணும்னு. புள்ளைக்கும் சாப்பாடு ஆச்சு, விவசாயிக்கும் வருஷம் பூரா ஒரு நிச்சயமான வாடிக்கை ஆச்சு. உலக உணவுத் திட்டமும் 2008லேர்ந்து 20 நாடுகள்ல சிறு விவசாயிகள் சங்கங்கள்கிட்ட வாங்கிப் பாத்தாங்க.

கேக்க நல்லா இருக்கு, செய்றப்பதான் தெரியும் வலி. விவசாயி மூட்டையக் கொண்டு வந்து எறக்குவார், ஈரப்பதம் கூட இருக்கும், கல்லு தூசி இருக்கும், திருப்பி அனுப்பினா வண்டிக் கூலி அவர் தலையில. எடுத்துக்கிட்டா நம்ம குடோன் நாசம். அதனால வாங்குற தரம் என்னன்னு அறுவடைக்கு முன்னாடியே போய் சாம்பிளோட காட்டிரணும், வந்ததுக்கு அப்புறம் பாடம் நடத்தக் கூடாது. அதவிடப் பெரிய தொல்லை பணம். வியாபாரி கொறச்ச விலைதான் குடுப்பார், ஆனா களத்துலயே கையில எண்ணி வச்சுருவார். நாம நல்ல விலை சொல்லிட்டு பில்லு, கையெழுத்து, வவுச்சர்னு ரெண்டு மாசம் இழுப்போம். அப்புறம் சங்கத்துல ஒப்பந்தம் போட்டவங்களே ராத்திரியோட ராத்திரியா வியாபாரிக்கு வித்துட்டாங்கன்னு புலம்புவோம். புள்ளைக்குக் காய்ச்சல், கையில காசு இல்ல, அவர் என்னதான் செய்வார்? நாங்க ஒரு சங்கத்துல மூட்டை எறங்கின அன்னிக்கே பாதிப் பணம், தரம் பாத்ததும் மீதின்னு மாத்தினோம், அதுக்கு ஒரு சின்ன சுழல் நிதிய, அதாவது எடுத்துக் குடுத்துட்டு வந்ததும் திருப்பிப் போடுற பணத்த, முன்கூட்டியே வங்கியில போட்டு வச்சோம், விலைய ஏத்தாமலே சரக்கு வரத்து கூடிருச்சு.

ஈரப்பதம்னு சொன்னேன்ல, அதுக்கு மீட்டர் இல்லாத எடத்துல உப்பு வச்சுப் பாக்குற முறை ஒண்ணு இருக்கு, ரொம்ப நம்பகமானது. நல்லாக் காஞ்ச கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தானியம் போடுங்க, நல்லாக் காஞ்ச உப்பு கொஞ்சம் போடுங்க, மூடிட்டு கொஞ்ச நேரம் நல்லா குலுக்கி வச்சுட்டு பாருங்க. உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல, இன்னும் காய வைக்கணும். ஒட்டாம கீழ விழுந்துருச்சுன்னா சேத்து வைக்கலாம். உப்பே நமத்துப் போயிருந்தா எதப் போட்டாலும் ஒட்டத்தான் செய்யும், அதனால மொதல்ல உப்ப வெயில்ல காய வைங்க. இத ஏன் இவ்ளோ விலாவாரியாச் சொல்றேன்னா, 2004ல கென்யாவுல ஈரத்தோட சேத்து வச்ச மக்காச்சோளத்துல பூஞ்சை புடிச்சு, அதுல உண்டான அஃப்ளாடாக்சின் விஷத்தால 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் செத்துப்போனாங்க. சமைச்சாலும் அந்த விஷம் முழுசாப் போகாது. பசின்னு பூஞ்சை புடிச்ச தானியத்தக் கழுவி ஆக்கிச் சாப்பிடுவாங்க, அப்படி ஒரு மூட்டை நம்ம குடோன்லேர்ந்து வெளிய போகவே கூடாது.

காஞ்ச தானியத்துக்குப் பூச்சிதான் எதிரி. மூணடுக்குப் பைன்னு ஒண்ணு இருக்கு, உள்ள ரெண்டு கனமான பிளாஸ்டிக் பை, வெளிய சாதாரண நெய்த சாக்கு. 1980கள் கடைசியில கேமரூன்ல காராமணி சேத்து வைக்கிறதுக்காக அமெரிக்காவோட பர்டூ பல்கலைக்கழக ஆளுங்க உருவாக்கினது. காத்தப் பிதுக்கி வெளியேத்திட்டு ஒவ்வொரு பையையும் தனித்தனியா முறுக்கி மடிச்சுக் கட்டணும். உள்ள இருக்க பூச்சி இருக்க காத்தத் தீத்துட்டு திங்கறத நிறுத்திடும், அப்புறம் செத்துரும், மருந்தே வேண்டாம். ஆனா ஆளுங்க பண்ற வேலை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தொறந்து பூச்சி செத்துச்சான்னு பாக்குறது. தொறந்தா காத்து உள்ள போயிரும்யா, அப்படியே விடுங்க. எலி கடிச்சு ஓட்டை விழுந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஈரத் தானியத்த இதுல போட்டா காத்து இல்லாம புளிச்சு நாறிடும், அதனாலதான் உப்பு முறைய மொதல்ல சொன்னேன். சாதா சாக்கா இருந்தாலும் தரையிலயும் சுவத்துலயும் ஒட்டாம கட்டை மேல அடுக்குங்க, மொதல்ல வந்தது மொதல்ல போகணும், வாசல் பக்கம் இருக்க புது மூட்டையத் தூக்குறது ஈஸின்னு தூக்கிட்டே இருந்தா பின்னாடி மூலையில பழசு மக்கிப் போகும். அறுவடைக்கு அப்புறம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே உலகத்துல சுமார் 14 சதவீத உணவு வீணாகுதுன்னு ஐநா உணவு விவசாய அமைப்பு 2019ல சொன்னாங்க.

இதுல பலர் விட்டுடற ஒரு விஷயம் இருக்கு. பைய மட்டும் குடுத்துட்டா விவசாயி தானியத்த சேத்து வச்சுருவார்னு நெனைக்கிறாங்க. அவர் அறுவடை அன்னிக்கே அடிமாட்டு விலைக்கு விக்கிறது எடம் இல்லாததால இல்ல, கடன்காரன் களத்துல வந்து நிக்கிறதால. அப்ப வித்துட்டு ஆறு மாசம் கழிச்சு அதே தானியத்த கூடுதல் விலைக்குக் கடன்ல வாங்கித் திங்கறாங்க, அந்தக் கடன அடுத்த அறுவடையில கட்டணும், இந்தச் சக்கரத்துக்குள்ள மாட்டினவங்களுக்கு எவ்ளோ வெளஞ்சாலும் பத்தாது. நைஜர்ல 1990கள் கடைசியிலேர்ந்து ஒரு முறை நடக்குது, அறுவடை மூட்டைய சங்கத்து குடோன்ல வச்சுப் பூட்டி ரெண்டு சாவி, ஒண்ணு சங்கத்துகிட்ட, இன்னொண்ணு கடன் குடுக்குற நிறுவனத்துகிட்ட. அந்த மூட்டைய அடமானமா வச்சு விவசாயிக்கு அப்பவே கடன் கிடைக்கும், விலை ஏறுனதும் வித்துக் கட்டிடுவார். விலை ஏறாத வருஷமும் வரும், அதனால மொத்த வெளச்சலையும் இப்படி வைக்க விடாதீங்க, ஒரு பங்கு வீட்டுல இருக்கட்டும்.

விதை குடுக்குறதுலயும் இதே கூத்துதான். ஒரு வறட்சி வந்தா விதையே அழிஞ்சுருச்சுன்னு நெனச்சு தூரத்துலேர்ந்து லாரி லாரியா வரும், வர்றதுக்குள்ள மழை பெஞ்சு முடிஞ்சிருக்கும், வந்த ரகம் அந்த மண்ணுக்கு ஒத்துவராது. உள்ளூர்ச் சந்தையில விதை பெரும்பாலும் இருக்கும், வாங்கத்தான் கையில இல்ல. அங்கயே வவுச்சர், அதாவது காசுக்குப் பதிலாக் காட்டி விதை வாங்குற சீட்டு, குடுத்து புடிச்ச ரகத்த அவங்களே வாங்கிக்கட்டும். யார் வித்தாலும் நூறு விதைய எண்ணி ஈரத்துணியில சுருட்டி வச்சு ஒரு வாரத்துல எத்தன மொளச்சுச்சுன்னு பாத்துட்டு வாங்குங்க. இன்னொண்ணு, விதை குடுக்குற அதே நேரத்துல சாப்பாட்டுக்கும் வழி பண்ணிருங்க, வீட்டுல அடுப்பு எரியலன்னா விதைதான் பானைக்குப் போகும், அதுல அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

வியாபாரம் பண்ண வைக்கிறோம்னு கெளம்புறவங்களும் இதையேதான் மறந்துடறாங்க. வங்கதேசத்துல பிராக் அமைப்பு 2002ல ஆரம்பிச்ச திட்டம் ஒண்ணு, ரொம்ப ரொம்ப ஏழையா இருக்க குடும்பத்துக்கு ஆடோ மாடோ கோழியோ குடுத்து, கூடவே கொஞ்ச காலத்துக்கு சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், வளக்கப் பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வீட்டுக்கு வந்து பாக்குற ஒரு ஆள், எல்லாம் சேத்துக் குடுத்தாங்க. அப்புறம் இதே மாதிரி எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெருன்னு ஆறு நாட்டுல செஞ்சு பாத்து 2015ல முடிவு வந்துச்சு, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் அவங்க சாப்பாடும் வருமானமும் முன்னவிட நல்லா இருந்துச்சுன்னு. ஆட்ட மட்டும் குடுத்துட்டுப் போயிருந்தா ஒரு நோய் வந்த வாரத்துல அது சந்தைக்குப் போயிருக்கும். சும்மா கடன் மட்டும் குடுத்த திட்டங்களப் பத்தியும் அதே 2015ல ஆறு நாட்டு ஆய்வு வந்துச்சு, சில பேர் கடைய விரிவாக்கினாங்க, ஆனா சராசரியாப் பாத்தா வறுமை பெருசா மாறலன்னு. எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல, எல்லாருக்கும் முதலாளி ஆகணும்னு ஆசை இருக்கும்னு யார் சொன்னா, முக்காவாசிப் பேருக்கு ஒழுங்கா மாசக் கூலி கிடைச்சாப் போதும்.

கூட்டுறவுக் கடை வைக்கலாமான்னு அடிக்கடி கேப்பாங்க. வைங்க, ஆனா 1844ல இங்கிலாந்துல ராச்டேல்ல 28 தொழிலாளிங்க ஆரம்பிச்ச கடைய ஒரு தடவை படிச்சுட்டு வைங்க. மாவு, வெண்ணெய், சக்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, இவ்ளோதான் சரக்கு. கலப்படம் கிடையாது, எடை சரியா இருக்கும், லாபத்த யார் எவ்ளோ வாங்கினாங்களோ அதுக்கேத்த மாதிரி பிரிச்சுக் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் மேல, கடனுக்கு விக்கிறதில்லன்னு வச்சாங்க. நான் பாத்த வரைக்கும் நல்ல மனசுல ஆரம்பிச்சு மூடிப்போன சங்கக் கடைங்க எல்லாத்தையும் சாச்சது உறுப்பினருங்களோட கடன் நோட்டுதான், தெரிஞ்ச முகம், முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியாது. அவசரத்துக்குக் கடன் வேணும்னா அதுக்குத் தனியா சேமிப்புக் குழு இருக்கணும், கடை கல்லாவையும் கடனையும் கலக்கக் கூடாது.

சேமிப்புக் குழுன்னா நான் சொல்றது பெட்டி முறை. கேர் அமைப்பு 1991ல நைஜர்ல பொம்பளைங்க குழுக்களோட ஆரம்பிச்சது, இன்னிக்கு உலகத்துல பல நாட்டுல ஓடுது. பதினஞ்சுலேர்ந்து இருவத்தஞ்சு பேர், ஒரு இரும்புப் பெட்டி, மூணு பூட்டு, மூணு சாவி மூணு வேற வேற வீட்டுல, பெட்டி நாலாவது ஆள்கிட்ட. கூட்டத்துக்குக் கூட்டம் எல்லாரும் கொஞ்சம் சேமிப்பு போடுவாங்க, தேவைப்படுறவங்க அதுலேர்ந்தே வட்டிக்குக் கடன் எடுத்துக்குவாங்க. கூட்டத்துல எல்லாரும் இருக்கப்பதான் தொறக்கணும், பணத்த எல்லாரும் பாக்க எண்ணணும், கடைசியில மீதி இவ்ளோன்னு சத்தமாச் சொல்லி எல்லாரும் மனசுல வச்சுக்கணும், அடுத்த வாரம் தொறக்குறதுக்கு முன்னாடி அந்த நம்பர அவங்களே சொல்லுவாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்ககூட ஏமாற மாட்டாங்க. வெளிப்பணம் எதையும் அந்தப் பெட்டிக்குள்ள போடாதீங்க, எவ்ளோ நல்ல எண்ணமா இருந்தாலும். வெளிப்பணம் விழுந்த நாள்லேர்ந்து திருப்பிக் கட்டுற வேகம் கொறையும், இது யாரோ குடுத்த பணம்தானேன்னு ஆயிரும். வைத்தியம், சாவு, தீ விபத்துக்குன்னு தனியா ஒரு சின்னப் பை அதே பெட்டிக்குள்ள இருக்கும், அதுக்கு வட்டி கிடையாது.

சுமார் ஒரு வருஷத்துல மொத்தப் பணத்தையும் வட்டியோட பங்கு பிரிச்சு குடுத்துட்டு, சுத்தமா காலி பண்ணிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். சில குழுவுல "எதுக்கு காலி பண்ணணும், வளரட்டுமே"ன்னு நிறுத்தி வைப்பாங்க, வேணாம், வருஷா வருஷம் காலி பண்றதுதான் தணிக்கை, கணக்குல ஓட்டை இருந்தா அன்னிக்குத் தெரிஞ்சுரும். அந்தப் பங்கு பிரிக்கிற தேதிய நாங்க விழா சமயத்துலேர்ந்து மாத்தி விதைப்புக்கு மூணு வாரம் முன்னாடி வைக்கச் சொல்றோம், ஏன்னா அப்பதான் விதை, உரம், ஏர் ஓட்டுற கூலி எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல காசு தேவைப்படும், அதே சமயத்துலதான் வீட்டுல தானியமும் அடிமட்டத்துல இருக்கும். மொதல்ல ஒருத்தருக்கும் இதுல இஷ்டம் இல்ல, விழாவுக்குத் துணி எடுக்க வேணாமான்னு சண்டைக்கே வந்தாங்க, நியாயமான சண்டைதான். கடைசியில ஒரு அக்கா எழுந்து, "துணிக்கு நாம ஒரு தனிப் பை போட்டுக்குவோம், இது விதைக்கு இருக்கட்டும்"னு சொல்ல, அந்தக் கூட்டத்துலயே பெட்டிக்குள்ள மூணாவதா ஒரு பையும் சேந்துருச்சு.